முன் டயர் உள் ஓரம் மட்டும் மொட்டையாகிறது, அலைன்மென்ட் செய்தும் நிற்கவில்லை

நொய்யல்கரை:

வண்டி 2016 மாடல் டிசையர் டீசல், 165/80 ஆர்14 டயர், ஓடியது 92,000 கி.மீ. பெரும்பாலும் கோவைக்குள்தான் ஓட்டம், அவ்வப்போது பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக வால்பாறை. பிரச்சினை முன்பக்க இடது டயரில். வெளியே நின்று பார்த்தால் பட்டன் (டயரின் ரப்பர் கட்டைகள்) தாராளமாக இருக்கிறது, ஆனால் உள் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மொட்டை, ஓரிடத்தில் கம்பியே தெரிகிறது. பஞ்சர் கடையில் டயரைக் கழற்றிப் புரட்டிக் காட்டிய பிறகுதான் இது கண்ணில் பட்டது. வலது டயரிலும் உள் ஓரம் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, ஆனால் இந்த அளவு இல்லை. பின் டயர்கள் இரண்டும் சமமாக இருக்கின்றன.

டயர் புதிதாகப் போட்டு 20,000 கி.மீ. கூட ஓடவில்லை. இடையில் வீல் அலைன்மென்ட் தவறாமல் செய்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் பிரிண்டில் எல்லாம் பச்சையாகத்தான், அதாவது சரியான அளவுக்குள்தான் வந்தது.

கூடவே வேறு சிலதும் இருக்கின்றன. சற்று அழுத்தி பிரேக் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடின தெருக்களில் மெதுவாகப் போகும்போது முன்னாலிருந்து டக் டக் என்று சத்தம். நேர் ரோட்டில் ஸ்டியரிங் லேசாக வலப்பக்கம் திரும்பியே நிற்கிறது.

ஒரு பட்டறையில் லோயர் ஆர்ம் (சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் கை) இரண்டு, ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக் அப்சார்பர்) இரண்டு, லிங்க் ராட் (வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியை இணைப்பது), டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று நாற்பதாயிரத்துக்கு மேல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு இடத்தில் டயரை மட்டும் மாற்றி அலைன்மென்ட் செய்தால் போதும் என்கிறார்கள். எதைக் கேட்பது? உண்மையில் எது போயிருக்கிறது என்று நாமே கண்டுபிடிக்க வழி உண்டா?

மலைப்பாதை:

வால்பாறை ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. மலை ஏறி இறங்குகிற வண்டிக்கு முன் டயர் ஓரம் தேய்வது சகஜம்தான் நண்பரே. முன்னையும் பின்னையும் மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தால் தேய்மானம் பரவலாகிவிடும், நான் 8,000 கி.மீ.க்கு ஒரு தடவை மாற்றிவிடுவேன்.

சேலம் பட்டறை:

மலைப்பாதை அவர்கள் சொல்வது பாதி சரி. கொண்டை ஊசியில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து திரும்பும்போது பாரமெல்லாம் வெளிப்பக்க டயரின் வெளித் தோளில் விழும். அதனால் மலை தின்பது வெளி ஓரத்தை. ஏற்காடு, கொல்லிமலை போய்வருகிற வண்டிகளில் பார்த்தால் இரண்டு முன் டயரிலும் வெளித் தோள் மழுங்கியிருக்கும். இவருக்கோ உள் ஓரம், அதிலும் இடது பக்கம் அதிகம். இதை மலைமேல் போட முடியாது. இந்த நிலையில் டயரை மாற்றிப் போட்டுக்கொண்டே போனால் நான்கு டயரும் சேர்ந்து கெடும், காரணம் அப்படியே இருக்கும்.

நொய்யல்கரை, முதலில் டயரைப் படியுங்கள், காசு செலவில்லாத வேலை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி நிறுத்தினால் கழற்றாமலே ஒரு சக்கரத்தின் உள் ஓரம் கண்ணுக்குத் தெரியும், மறுபக்கம் திருப்பினால் மற்றது. காற்று குறைவாக ஓடியிருந்தால் இரண்டு ஓரமும் சேர்ந்து தேயும், அதிகமாக வைத்திருந்தால் நடு மட்டும் தேயும். உங்களுடையது இரண்டும் இல்லை. அப்புறம் உள்ளங்கையை டயரின் சுற்றளவு வழியாக ஓட்டிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாகத் திட்டுத் திட்டாக இருந்தால் ஸ்ட்ரட் வலுவிழந்து சக்கரம் ரோட்டில் குதிக்கிறது என்று அர்த்தம், அல்லது பேலன்ஸ் இல்லை, அல்லது எங்கோ ஆட்டம். அப்படி எதுவும் இல்லாமல் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் ஸ்ட்ரட்டைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. எண்ணெய் வழிந்து ஸ்ட்ரட்டின் கீழ்ப்பாதி நனைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். லேசாகப் புழுதி ஒட்டி ஈரக்கசிவு மாதிரி இருந்தால் அது பெரிய விஷயமில்லை.

அடுத்து கையைக் குறுக்காக ஓட்டுங்கள், உள் ஓரத்திலிருந்து வெளி ஓரத்துக்கு ஒரு தடவை, வெளியிலிருந்து உள்ளுக்கு ஒரு தடவை. ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த் திசையில் பட்டனின் விளிம்பு கையில் அறுப்பது போலவும் இருந்தால் அது டோ கோணக் கோளாறு, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் நேராக இல்லாமல் முன்னால் உள்ளே (டோ இன்) அல்லது வெளியே (டோ அவுட்) திரும்பியிருப்பது. உள்ளே இழுக்கும்போது வழுக்கினால் டோ இன் அதிகம், வெளியே தள்ளும்போது வழுக்கினால் டோ அவுட். உங்கள் டயரில் இரண்டாவதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உள் ஓரம் தேய்ந்ததும் எல்லாரும் கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, என்று சொல்லிவிடுகிறார்கள். சக்கரத்தின் தலை அரை டிகிரி, ஒரு டிகிரி உள்ளே சாய்ந்திருந்தாலும் டோ சரியாக இருக்கும் வண்டி பல்லாயிரம் கிலோமீட்டர் நிம்மதியாக ஓடும். டயரைத் தின்பது டோதான். இரண்டு சக்கரமும் சேர்ந்து 20 மினிட் டோ அவுட் என்று வைத்துக்கொள்வோம், அதாவது ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு. சக்கரத்துக்கு 10 மினிட் வருகிறது. அந்தச் சக்கரம் ஒரு கிலோமீட்டர் உருளும்போது ஏறக்குறைய 3 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. தாரில் ரப்பரை வைத்து அழிரப்பர் மாதிரி தேய்ப்பதுதான் அது. கூடவே கேம்பரும் உள்ளே சாய்ந்திருந்தால் அந்தத் தேய்ப்பு முழுக்க உள் ஓரத்தில் விழும்.

பிரேக் பிடித்தால் இடது பக்கம் இழுப்பது, இடது டயர் அதிகம் தேய்வது, இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது என் கை முதலில் போவது இடது லோயர் ஆர்மின் பின் புஷ்ஷுக்கு, ஆர்மைப் பொருத்தும் இடத்தில் இருக்கும் ரப்பர் அது. அந்த ரப்பர் கிழிந்தால் பிரேக் அடிக்கும்போது சக்கரம் பின்னால் தள்ளப்படும், கோணம் மாறும். வண்டி அலைன்மென்ட் மேடையில் அசையாமல் நிற்கும்போது இது எதுவும் தெரியாது. பிரிண்ட் பச்சையாக வந்ததற்கு இதுதான் காரணமாக இருக்கும். ஆட்டம் இருக்கிற வண்டிக்கு அலைன்மென்ட் செய்வது வீண் செலவு, ஆட்டத்தை எடுத்த பிறகு கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை அது.

நொய்யல்கரை:

ரொம்ப நன்றி அண்ணா. கையை ஓட்டிப் பார்த்தேன். வெளியே தள்ளும்போது வழுக்குகிறது, உள்ளே இழுத்தால் அறுக்கிறது, நீங்கள் சொன்னபடியே. திட்டுத் திட்டாக எதுவும் இல்லை. ஸ்ட்ரட்டிலும் எண்ணெய் இல்லை. மற்ற பாகங்களில் ஆட்டம் பார்ப்பது எப்படி என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல முடியுமா? பட்டறையில் கூட நின்று பார்க்கவாவது உதவும்.

சேலம் பட்டறை:

சொல்கிறேன். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு முன்பக்கம் தூக்குங்கள். தூக்கியதும் ஸ்டேண்ட் வைக்க வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பிக் கையைக் காலை உள்ளே விடக்கூடாது. இந்த வண்டியில் பாரத்தைத் தாங்குவது ஸ்ட்ரட், பால் ஜாயிண்ட் (லோயர் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டு) இல்லை. அதனால் பாடியில் ஜாக்கி கொடுத்து சக்கரத்தைத் தொங்க விட்டாலே பால் ஜாயிண்ட் ஆட்டம் தெரிந்துவிடும்.

சக்கரத்தை மேலும் கீழும், கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்டோ வீல் பேரிங்கோ. எது என்று பிரிக்க எளிய வழி இருக்கிறது. இன்னொருவரை உள்ளே உட்கார வைத்து பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் போய்விட்டால் பேரிங், அப்படியே இருந்தால் ஜாயிண்ட். அடுத்து 9, 3 இடத்தில் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்ட், ராக் எண்ட் (டை ராடின் ஸ்டியரிங் பக்க மூட்டு) ஆட்டம் தெரியும்.

ஆனால் டை ராட் எண்டுக்கு இதைவிட நம்பகமான சோதனை வண்டி தரையில் நிற்கும்போது செய்வது. ஒருவர் ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சின்னதாக, விட்டுவிட்டு அசைக்கட்டும். நீங்கள் ஜாயிண்டின் மேல் விரலை வையுங்கள், இடையில் மாட்டாமல். நல்ல ஜாயிண்டில் ராடும் நக்கிளும் (சக்கரத்தைத் தாங்கும் இரும்பு) ஒரே நேரத்தில் நகரும். தேய்ந்த ஜாயிண்டில் ராட் நகர்ந்த பிறகுதான் நக்கிள் நகரும், அந்த இடைவெளி விரலில் டிக் என்று தட்டும். ராக் எண்ட் ரப்பர் பூட்டுக்குள் இருக்கிறது, பூட்டை வெளியிலிருந்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு இதையே செய்யுங்கள்.

புஷ்ஷுக்கு இரண்டு வழி. ஆர்முக்கும் கிராஸ் மெம்பருக்கும் (ஆர்ம் மாட்டியிருக்கும் குறுக்குச் சட்டம்) நடுவே லீவர் கொடுத்து நெம்பிப் பார்ப்பது ஒன்று. மேலாக வெடிப்பு இருந்தால் பயப்பட வேண்டாம், ரப்பர் உலோகத்தைவிட்டுப் பிரிந்து இடைவெளி திறந்தால் அது முடிந்தது. இரண்டாவது, காலி இடத்தில் ஒருவர் வண்டியை நடைவேகத்தில் முன்னே பின்னே எடுத்து பிரேக் அடிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் தள்ளி நின்று சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். கெட்ட புஷ் இருக்கும் பக்கம் சக்கரம் முன்னும் பின்னும் போய்வருவது கண்ணுக்கே தெரியும்.

டக் டக் சத்தம் அநேகமாக லிங்க் ராட். இரண்டு சக்கரமும் தரையில் இருக்கும்போது அதைக் கையால் பிடித்து உலுக்கினால் கடகடக்கும். விலை குறைந்த சாமான்தான், மாற்றிவிடுங்கள். ஆனால் லிங்க் ராட் டயரைத் தேய்க்காது. சத்தம் நின்றதும் டயர் பிரச்சினையும் தீர்ந்தது என்று விட்டுவிடாதீர்கள்.

குழி எண் 3:

நான் அலைன்மென்ட் வேலைதான் செய்கிறேன். சேலம் பட்டறை அண்ணன் சொன்ன எல்லாம் சரி, ஒன்று சேர்க்கிறேன். பிரிண்டில் கடைசி எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். சரி செய்வதற்கு முன் என்ன எண் இருந்தது என்பதும் அதே தாளில் இருக்கும், நோயைச் சொல்வது அந்த எண். போன தடவை பூஜ்யமாக வைத்து அனுப்பிய டோ சில ஆயிரம் கிலோமீட்டரில் 20 மினிட் நகர்ந்து வந்திருந்தால் ஏதோ ஒன்று ஆடுகிறது அல்லது வளைந்திருக்கிறது.

இந்த மாதிரி கார்களில் பெரும்பாலும் முன்பக்கம் திருப்பி வைக்க முடிவது டோ மட்டும்தான். கேம்பருக்குத் தனியாகத் திருகாணி கிடையாது. கேம்பர் பச்சையில் இருந்தாலும் இடது வலது வித்தியாசம் அரை டிகிரியைத் தாண்டினால் ஏன் என்று கேட்க வேண்டும். அதற்கு எஸ்.ஏ.ஐ. என்ற கோணமும் வேண்டும், ஸ்டியரிங் அச்சு உள்பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது. டர்ன் டேபிள் (சக்கரத்தோடு சுழலும் தட்டு) மேல் சக்கரத்தை நிறுத்தி, பிரேக்கை அழுத்திப் பூட்டிவிட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் திருப்பி அளந்தால்தான் அது வரும். கூட்டம் இருக்கிற கடைகளில் இதைத் தவிர்த்துவிடுவார்கள். கேட்டுச் செய்யச் சொல்லுங்கள், எண்களை இங்கே போடுங்கள்.

அப்புறம், இந்த வண்டிக்கு கிளட்ச் அல்லது கியர்பாக்ஸ் வேலை எப்போதாவது நடந்ததா?

நொய்யல்கரை:

கிளட்ச் போன வருடம் மாற்றினேன். அதற்கும் டயருக்கும் என்ன சம்பந்தம் என்று புரியவில்லை, ஆனால் யோசித்தால் ஸ்டியரிங் சாய்வு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

இன்று பட்டறையில் கூடவே நின்று பார்த்தேன். பால் ஜாயிண்ட் இரண்டும் இறுக்கமாக இருக்கின்றன. பேரிங்கும் அப்படித்தான். வலது டை ராட் எண்டில் விரலில் அந்த டிக் நன்றாகவே தட்டியது. இடது லோயர் ஆர்ம் பின் புஷ்ஷில் லீவர் கொடுத்ததும் ரப்பர் வாயைத் திறந்தது, அரைச் சுற்றுக்கு மேல் கிழிந்திருக்கிறது. லிங்க் ராட் இரண்டும் கடகடக்கின்றன.

அலைன்மென்ட் கடையில் சொல்லி முழு அளவும் எடுத்தேன். மொத்த டோ 20 மினிட் அவுட். கேம்பர் இடது மைனஸ் 1 டிகிரி 5 மினிட், வலது மைனஸ் 5 மினிட் (மைனஸ் என்றால் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருக்கிறது). எஸ்.ஏ.ஐ. இடது 13 டிகிரி 15 மினிட், வலது 12 டிகிரி 15 மினிட். இடது ஸ்ட்ரட் வளைந்துவிட்டது, மாற்றுங்கள் என்கிறார்கள்.

குழி எண் 3:

ஸ்ட்ரட்டை மாற்றாதீர்கள், கணக்கைப் பாருங்கள். கேம்பரையும் எஸ்.ஏ.ஐ.யையும் கூட்ட வேண்டும், மைனஸ் என்றால் கழிக்க வேண்டும். இடது 13.15இல் 1.05 போனால் 12 டிகிரி 10 மினிட். வலது 12.15இல் 5 மினிட் போனால் அதுவும் 12 டிகிரி 10 மினிட். இந்தக் கூட்டுத்தொகை ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேர்ந்து உருவாக்கும் கோணம். அவற்றில் எது வளைந்தாலும் ஒரு பக்கத் தொகை மாறியிருக்கும். இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கின்றன, ஆகவே அவை நேராகத்தான் இருக்கின்றன.

அப்படியென்றால் இரண்டின் சராசரியிலிருந்து ஒரு பக்கம் கேம்பர் உள்ளே சாய்ந்து மறுபக்கம் அதே அளவு வெளியே போனது எப்படி? ஸ்ட்ரட்டின் தலை பாடியில் இருக்கிறது, கால் லோயர் ஆர்மில் இருக்கிறது. ஆர்ம் இரண்டும் கிராஸ் மெம்பரில் மாட்டியிருக்கின்றன. கிராஸ் மெம்பர் மொத்தமாக சில மில்லிமீட்டர் இடப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தால் இடது சக்கரத்தின் கால் வெளியே போகும், வலது சக்கரத்தின் கால் உள்ளே வரும். உங்கள் எண்கள் சொல்வது இதைத்தான். கிளட்ச் வேலைக்காக கியர்பாக்ஸை இறக்கும்போது கிராஸ் மெம்பரை அவிழ்ப்பது உண்டு, போல்ட் துளைகளில் கொஞ்சம் இடம் இருப்பதால் திரும்பப் பூட்டும்போது எந்தப் பக்கம் நிற்கிறதோ அப்படியே முடுக்கிவிட்டால் இப்படி ஆகும். பெரிய பள்ளத்தில் இடித்தாலும் நகரலாம், ஆனால் உங்களுக்குத் தேதி பொருந்துகிறது. ஸ்டியரிங் ராக்கும் அதிலேயே பூட்டியிருந்தால் ஸ்டியரிங் சாய்வதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

இதற்கு சாமான் எதுவும் வாங்க வேண்டாம். போல்ட்டுகளைத் தளர்த்தி, பாடியில் உள்ள அளவுத் துளைகளை வைத்து கிராஸ் மெம்பரை நடுவுக்குக் கொண்டுவந்து, கம்பெனி சொன்ன இறுக்கத்தில் டார்க் ரென்ச் வைத்து முடுக்க வேண்டும். செய்த பிறகு கேம்பரை மறுபடி அளந்தால் இரண்டு பக்கமும் மைனஸ் அரை டிகிரி பக்கத்தில் வந்து நிற்கும் என்று எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் ஸ்ட்ரட் தலை மவுண்ட் உட்காரும் இடத்தில் பாடி நகர்ந்திருக்கிறதா என்று அப்போது பார்க்கலாம், அதுவரை அந்தப் பேச்சே வேண்டாம்.

மலைப்பாதை:

இப்படி ஒரு கணக்கு இருப்பது இன்றுதான் தெரிகிறது, நல்ல பதில். ஒரு சந்தேகம், இடது புஷ் மட்டும்தானே கிழிந்திருக்கிறது, ஒரு பக்கம் மாற்றினால் போதுமா?

சேலம் பட்டறை:

புஷ்ஷை ஜோடியாக மாற்றுவது நல்லது. ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் 92,000 கி.மீ. ஓடின ரப்பர் என்று இருந்தால் பிரேக்கில் இழுப்பு முழுதாகப் போகாது. பால் ஜாயிண்ட் நன்றாக இருப்பதால் ஆர்மை முழுசாக வாங்கத் தேவையில்லை, பிரஸ் வைத்திருக்கும் பட்டறையில் புஷ் மட்டும் அடித்துக் கொடுப்பார்கள். ஆனால் ஊரில் கிடைக்கும் தனி புஷ்ஷின் தரம் சுமாராக இருந்தால் ஆர்மோடு வாங்குவதே மேல், அதைக் கடையில் கையில் எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். டை ராட் எண்டில் ஒரு பக்கம் மட்டும் ஆடினால் அந்தப் பக்கம் மட்டும் மாற்றலாம், தவறில்லை.

மாற்றும்போது ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். படுக்கைவாட்டில் போல்ட் போகிற புஷ்ஷை சக்கரம் தொங்கும் நிலையிலேயே இறுதியாக முடுக்கிவிடுவார்கள். அப்புறம் வண்டியைக் கீழே இறக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், ஓடும் ஒவ்வொரு நிமிடமும் அந்த முறுக்கோடுதான் வேலை செய்யும், சீக்கிரமே கிழியும். போல்ட்டை மாட்டி லேசாகப் பிடித்துவிட்டு, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் முழுதாக முடுக்க வேண்டும். புஷ் மாற்றி சில மாதத்திலேயே போய்விட்டது என்று வருகிற வண்டிகளில் நிறைய இந்தக் காரணம்தான்.

நொய்யல்கரை, வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் புஷ், டை ராட் எண்ட், லிங்க் ராட். அதே வேலையில் கிராஸ் மெம்பரை நடுவுக்குக் கொண்டுவருவது. கடைசியில் அலைன்மென்ட். ஸ்ட்ரட்டுக்கு எழுதின பணம் உங்களுக்கு மிச்சம். அந்தப் பணத்தில் முன்னுக்கு இரண்டு புது டயர் வாங்குங்கள். கம்பி தெரிகிற டயரை வால்பாறை ரோட்டில் ஓட்ட வேண்டாம், ஸ்டெப்னியாகக்கூட வைக்க வேண்டாம். வலது டயரில் உள் ஓரத்துத் தேய்மானம் பள்ளத்துக்குள் இருக்கும் 1.6 மி.மீ. மேட்டை எட்டியிருக்கிறதா என்று பாருங்கள், எட்டவில்லை என்றால் ஸ்டெப்னிக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

நொய்யல்கரை:

சரி அண்ணா, வெள்ளிக்கிழமை வண்டியை விடுகிறேன். போல்ட் முடுக்கும்போது பக்கத்திலேயே நிற்பேன். காற்று எவ்வளவு வைப்பது? ஒவ்வொரு பங்கிலும் ஒவ்வொரு அளவு சொல்கிறார்கள்.

சேலம் பட்டறை:

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் ஆள் குறைவாக இருக்கும்போதும் முழுச் சுமையிலும் எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருக்கும், அதையே வையுங்கள். காலையில் டயர் சூடாவதற்கு முன் பிடிக்க வேண்டும். புது டயர் போட்டு ஓர் ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி கையைக் குறுக்காக ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் முன்பே கைக்குத் தெரிந்துவிடும். ஏதாவது அறுத்தால் புது பிரிண்டோடு இங்கே எழுதுங்கள்.